தேர் மணியும் கார்க் கதவும்

சென்ற கோடையில் நம் பழைய காருக்கு ‘டாம்பிங்’ செய்துகொண்டோம். கதவுகளின் உட்புறத்திலும் தரையிலும் டிக்கியிலும் ரப்பர் போன்ற கனத்த ஷீட்டை ஒட்டிச் சாலை இரைச்சலை அடக்கும் வேலைக்குக் கடைக்காரர்கள் வழங்கும் பெயர் அது. சேலையூரிலிருந்து மேடவாக்கம் வழியாகக் கல்லூரிக்குச் சென்று திரும்ப நாள்தோறும் இரண்டரை மணி நேரம் சாலையில் கழிகிறது. வகுப்பறையில் மின்விசிறியின் சத்தத்தோடு போட்டியிட்டு நான்கு மணி நேரம் பேசிவிட்டு வருபவர்க்கு, வண்டிக்குள்ளாவது சற்று அமைதி வேண்டும் என்று தோன்றுவது பெருங்குற்றமாகாது. இலக்கிய அன்பர்கள் கூடும் இடத்தில் கார்க் கதவைப் பற்றி எழுதுவதா என்று முகம் சுளிப்போர் சிறிது பொறுத்தருள்க. அகநானூற்றுக்கு வருவோம், ஆனால் கதவின் வழியாகத்தான் வரவேண்டியிருக்கிறது.

தென்சென்னைப் புறநகரில் வாழ்வோர்க்கு இரைச்சலை விளக்கத் தேவையில்லை. தாம்பரத்தில் ஜி.எஸ்.டி. சாலையும் இருப்புப்பாதையும் தோளோடு தோள் உரசி ஓடுகின்றன. மீனம்பாக்கத்து விமானங்கள் ஒருபுறம், தாம்பரம் விமானப்படைத் தளத்து விமானங்கள் மறுபுறம். 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தபின், அதுவரை கோயம்பேட்டின் காதுகளுக்கு உரியதாயிருந்த ஓசையில் ஒரு பெரும்பங்கு வண்டலூருக்கும் பெருங்களத்தூருக்கும் இடம் மாறிற்று. திறந்தவெளிக் காற்றும் ஓய்வுமே காசநோய்க்கு மருந்தென்று கருதப்பட்ட காலத்தில், 1928இல், மருத்துவர் டேவிட் சௌரி முத்து நலவாழ்வகம் அமைக்கத் தேர்ந்த ஊர் இது. மருத்துவமனை இன்றும் இருக்கிறது. ‘சானடோரியம்’ என்று ரயில் நிலையப் பெயர்ப் பலகையும் இருக்கிறது. அதன்கீழ் நின்று கைபேசியில் ஒரு வாக்கியம் பேசி முடிக்க முயன்றவர்களுக்கு மற்றது தெரியும்.

சாலை இரைச்சல் என்று ஒரே சொல்லால் குறித்துவிடுகிறோம். காருக்குள் அமர்ந்து கூர்ந்து கேட்டால் அது பல ஓசைகளின் கூட்டு என்பது புலப்படும். எஞ்சினின் ஓசை ஒன்று. கண்ணாடி விளிம்புகளிலும் பக்கக் கண்ணாடியிலும் காற்று கிழிபடும் ஓசை ஒன்று. டயர் சாலையை அறைந்துகொண்டே உருளும் ஓசை ஒன்று. சீரான வேகத்தில் செல்லும் காரில் ஏறத்தாழ 40, 50 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதும் டயரின் ஓசை எஞ்சினின் ஓசையை விஞ்சிவிடுகிறது. அது இருவழியாக உள்ளே வருகிறது. காற்றின் வழியாக, இடுக்குகளிலும் கண்ணாடியிலும் புகுந்து வருவது ஒரு வழி. டயரின் அதிர்வு அச்சிலும் சட்டகத்திலும் ஏறி, மெல்லிய தகரத் தரையையும் கதவையும் பறையின் தோலைப் போல் அதிரச் செய்வது மற்றொரு வழி. இரண்டாவது வழியில் வருவதுதான் நெடுந்தொலைவுப் பயணத்தில் தலைக்குள் ‘ம்ம்ம்’ என்று தங்கிவிடுகிற அடியோசை.

‘டாம்பிங்’ ஷீட் முதன்மையாக இந்த இரண்டாம் வழியை அடைப்பது. ஒலிக்கும் வெண்கல மணியின் மேல் கையை வைத்தால் ஒலி அடங்குகிறதல்லவா, அதே வேலை. மிருதங்கம் வாசிப்போர் தொப்பிப் பக்கத்தில் ரவைப் பசை அப்புவதும் ஏறக்குறைய இவ்வினத்தைச் சேர்ந்ததே. தோலுக்குக் கனம் கூட்டி அதன் அதிர்வை மாற்றுகிறார்கள். ஷீட்டில் பியூட்டைல் ரப்பர் ஓர் அடுக்கு, அதன்மேல் அலுமினியத் தாள் ஓர் அடுக்கு. பெரும்பாலும் 2 மில்லிமீட்டர் கனம். தகரம் அதிரும்போது, அதற்கும் அலுமினியத் தாளுக்கும் இடையில் சிக்கிய ரப்பர் இழுபட்டு நெளிகிறது. அந்த நெளிவில் அதிர்வு சிறு வெப்பமாக மாறித் தொலைகிறது. கதவை விரல் முட்டியால் தட்டினால் முன்பு ‘டங்’ என்றது இப்போது ‘டொக்’ என்னும். கடைக்காரர்கள் காட்டும் வித்தை முழுவதும் இந்த ஒரு தட்டில் அடங்கும்.

ஆனால் தட்டிப் பார்ப்பதும் ஓட்டிப் பார்ப்பதும் ஒன்றல்ல. காற்றின் வழியாக வரும் ஓசையை மறிக்க இந்த ஷீட் போதாது. அதற்குக் கனத்த வினைல் விரிப்பும் அதனடியில் நுரை மெத்தையும் வேண்டும். கதவின் ரப்பர் விளிம்புகள் தேயாமல் இருக்கவேண்டும். கண்ணாடியை எந்த ஷீட்டாலும் மூட முடியாது. மேலும் டெசிபல் என்பது அடுக்கு முறைக் கணக்கு. 3 டெசிபல் குறைந்தால் ஒலியாற்றல் பாதியாகிறது. ஆனால் நம் காதுக்கு ஓசை பாதியாகக் குறைந்ததாகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல் இறங்கவேண்டும். பொருட்செலவெல்லாம் இந்த இரண்டு எண்களுக்கு இடையே கரைந்து போகிறது.

ஜெனரல் பேட்டர்ஸ் சாலை வரை செல்லச் சோம்பி, புறநகரிலேயே ஒரு கடையில் காரை விட்டோம். அங்கிருந்த இளைஞர் மிக மரியாதையானவர்.

“நாலு டோர், ஃப்ளோர், டிக்கி எல்லாம் ஃபுல்லா போட்டுட்டா உள்ள ஏ.சி. ரூம் மாதிரி இருக்கும் சார்.”

“தம்பி, அதிர்வை அடக்க ஒரு கதவில் கால் பங்கு இடத்தில் ஒட்டினாலே பெரும்பகுதி பயன் கிடைத்துவிடும் என்கிறார்களே?”

“அது வெளிநாட்டுக் கணக்கு சார். நம்ம ரோடுக்கு ஃபுல்லாதான் போடணும்.”

‘நம்ம ரோடு’ என்ற வாதத்தின்முன் எந்த இயற்பியல் நிற்கும்? முழுவதும் ஒட்டச் சொன்னோம். 2 மில்லிமீட்டர் ஷீட் ஒரு சதுர மீட்டருக்கு மூன்று கிலோவுக்கு மேல் எடை கொண்டது. முழுமையாகச் செய்தால் பள்ளிச் சிறுவன் ஒருவனை நிரந்தரமாக ஏற்றிக்கொண்டதற்குச் சமம். அது போகட்டும். பத்தாம் நாள் வெயிலில் நிறுத்தியிருந்த காரின் கதவைத் திறந்தபோது, புதிதாகத் தார் போட்ட சாலையில் தலையை வைத்ததுபோல் ஒரு நெடி. கதவுகளில் பியூட்டைல், தரையில் மலிவான தார் ஷீட். இரண்டுக்கும் ஒரே விலை வாங்கியிருந்தார்கள். தார் வகை நம் ஊர் வெயிலில் இளகும், மணக்கும், சில வேளை கழன்று வழியும். இவ்வேலை செய்துகொள்ள எண்ணுவோர் ஒட்டும் முன் ஒரு துண்டைக் கையில் வாங்கி முகர்ந்து பார்த்துவிடுதல் நன்று. நறுமணம் எதிர்பார்க்கலாகாது; தார் மணம் இருந்தால் எழுந்து வந்துவிடலாம்.

இன்னொன்றும் உண்டு, இதைத் தாம்பரத்தார் அழுத்திக் குறித்துக்கொள்ள வேண்டும். கண்ணாடி இடுக்கின் வழியே கதவுக்குள் இறங்கும் மழைநீர் வெளியேறக் கதவின் அடியில் சிறு துளைகள் உள்ளன. ஆர்வமிகுதியில் ஷீட்டை ஒட்டுவோர் அவற்றையும் சேர்த்து மூடிவிடுகிறார்கள். பிறகு ஒவ்வொரு திருப்பத்திலும் கதவுக்குள் தண்ணீர்க் குடம் தளும்பும். தரையில் நீர் உறிஞ்சும் நுரையைப் போடுவது அதனினும் கேடு. 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் நீரில் கிடந்ததைக் கண்டவர்கள் நாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணையையும் கண்டோம். ஒருமுறை வெள்ளம் உள்ளே புகுந்தால் கம்பளத்தின் அடியில் அந்த நுரை மாதக்கணக்கில் ஈரத்தைக் காக்கும்; துரு தகரத்தை அரிக்கும். வெளிநாட்டுக் கணக்கு செல்லாத இடம் உண்மையில் இதுதான். கடை இளைஞர் இதைச் சொல்லவில்லை.

பயனே இல்லையா என்றால், உண்டு. பரனூர்ச் சுங்கச்சாவடியைத் தாண்டி 80 கிலோமீட்டர் வேகத்தில் செங்கல்பட்டை நோக்கிச் சென்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை, பின்னிருக்கையில் அமர்ந்திருந்த அம்மா பேசியதை ‘என்னம்மா?’ என்று திருப்பிக் கேட்காமலே நாம் விடை சொன்னோம். அவருக்கு அதில் இருந்த மகிழ்ச்சியை எந்த டெசிபல்மானியும் அளக்காது. அந்த ஒரு பயணத்துக்காகவே செலவு செரித்துவிட்டது என்று அன்று எண்ணினோம்.

வாரத்தின் மற்ற ஆறு நாளும் தாம்பரம் - வேளச்சேரி சாலையில் நாம் செல்வது 20 கிலோமீட்டர் வேகத்தில். அந்த வேகத்தில் டயர் பெரிதாக இரைவதில்லை. அங்கே நம்மைத் தாக்குவது ஹாரன். அது கண்ணாடி வழியே வருகிறது. ஆக, எந்த இரைச்சலுக்காக ஷீட் ஒட்டினோமோ அது நம் அன்றாடச் சாலையில் இல்லை; அன்றாடச் சாலையில் உள்ள இரைச்சலுக்கு ஷீட் மருந்தில்லை. மிச்சத்தைச் சரிக்கட்டப் பாட்டை வைத்தோம். உள்ளே முன்னைவிட அமைதியாயிருந்ததால் பாட்டு நன்றாகக் கேட்டது. நன்றாகக் கேட்டதால் இன்னும் சற்று உரக்க வைத்தோம். மனித இயல்பு.

இப்போது அகநானூறு. அதன் நான்காம் பாட்டு குறுங்குடி மருதனார் பாடியது, முல்லைத் திணை. கார்காலம் வந்தும் தலைவன் வாராமையால் வருந்தும் தலைவியைத் தோழி தேற்றுகிறாள். வருகிறான் என்று மட்டும் அவள் சொல்லவில்லை, எப்படி வருகிறான் என்றும் சொல்கிறாள். பூத்த சோலையில் துணையோடு தங்கித் தேனுண்ணும் வண்டுகள் தேர்மணியின் ஓசையால் கலங்கிவிடுமே என்றஞ்சி, மணியின் நாவைக் கட்டிவிட்டு வருகிறான். ஆண்டுதோறும் வகுப்பில் இதை நடத்துகிறோம். வண்டின் துணையைப் பிரிக்க அஞ்சுபவன் தன் துணையைப் பிரிந்திருக்கப் பொறான் என்னும் குறிப்பை விளக்குகிறோம். மாணவர்கள் எழுதிக்கொள்கிறார்கள், தேர்விலும் எழுதுகிறார்கள். கட்டினான் என்பதற்குப் புலவர் ஆண்ட சொல் ‘ஆர்த்த’ என்பது. ‘ஆர்த்தல்’ கட்டுதலையும் குறிக்கும், ஆரவாரம் செய்தலையும் குறிக்கும். ஒலிப்பதற்கும் ஒலியைக் கட்டுவதற்கும் ஒரே வினை. இத்தனை ஆண்டுகளாக இதைச் சொல்நயமாகவே சொல்லிக் கடந்துவந்தோம்.

டாம்பிங் செய்த காரை ஓட்டிக்கொண்டு சென்று அந்தப் பாட்டை இவ்வாண்டு நடத்தியபோதுதான் நாக்கு சற்றுத் தடுமாறிற்று. அவன் கட்டியது தன் தேரின் மணியை. ஓசையின் பிறப்பிடத்தை அடக்கினான். அதனால் அமைதி பெற்றது சோலை. நாம் அடைத்தது நம் கதவை. நம் டயர் முன்பு எவ்வளவு இரைந்ததோ அவ்வளவே இன்றும் வெளியே இரைகிறது. கூடிய கனத்தால் ஒரு நூலிழை அதிகமாகவே இரையலாம். காம்ப் ரோடு சந்திப்பில் இளநீர் வெட்டுபவருக்கும், மேடவாக்கத்தில் தட்டில் பூ வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் அம்மாவுக்கும், நாளெல்லாம் சிக்னலில் நிற்கும் காவலருக்கும் நம் செலவால் கிடைத்தது ஒன்றுமில்லை. இரைச்சலை அடக்குதல் என்று நாம் சொல்வதெல்லாம் பெரும்பாலும் இரைச்சலிலிருந்து நாம் மட்டும் விலகிக்கொள்ளுதல்தான்.

விலகிக்கொள்ளுதல் எங்கே கொண்டுபோய் விடும் என்பதும் விரைவிலேயே தெரிந்தது. ஆனி மாதத்து மாலை ஒன்றில், பள்ளிக்கரணையருகே நெரிசலில் ஊர்ந்துகொண்டிருந்தோம். கண்ணாடிகள் ஏற்றியிருந்தன, ஏ.சி. ஓடிற்று, பழைய கச்சேரிப் பதிவு ஒன்று தனியாவர்த்தனத்தை எட்டியிருந்தது. இருசக்கர வண்டியில் வந்த பையன் ஒருவன் உள்ளங்கையால் கண்ணாடியை அறைந்தான். இறக்கினோம். “சார், பின்னாடி ஆம்புலன்ஸ் சார்! எவ்ளோ நேரமா கத்திட்டிருக்கு, ஒதுங்குங்க சார்!” கண்ணாடியை இறக்கிய அக்கணத்தில்தான் சைரன் உள்ளே வந்தது. நம் காரின் பின்னே, இரண்டடி தூரத்தில்.

பழி முழுவதையும் ஷீட்டின் மேல் சுமத்துவது நேர்மையாகாது. பாட்டும் ஏ.சி.யும் நாமும் கூட்டுக் குற்றவாளிகள். பின்பார்வைக் கண்ணாடியைப் பார்க்கத் தவறிய கண்ணும் உண்டு. ஆயினும் கார் முன்புபோல் ஓட்டைப் பெட்டியாக இருந்திருந்தால் அந்த ஓசை நமக்கு எட்டியிருக்கும். எத்தனை நொடி வீணாயிற்று என்று கணக்கிட நமக்குத் துணிவில்லை. வண்டிக்குள் யார் இருந்தார், என்ன ஆனார் என்பதும் தெரியாது.

ஹாரனின் கதையும் இதுவே. கார்கள் உள்ளே அமைதியாக ஆக, உள்ளே இருப்பவரின் காதில் விழ வெளியே இருப்பவர் இன்னும் உரக்க அடிக்கவேண்டியிருக்கிறது. அதைக் கேட்கச் சகியாமல் அடுத்தவர் இன்னும் கனத்த ஷீட் ஒட்டுகிறார். இந்தப் பந்தயத்தில் கதவே இல்லாதவர்கள் தோற்கிறார்கள்: ஆட்டோ ஓட்டுநர், நடந்து போகிறவர், அந்தப் பையன். மத்திய அமைச்சர் நிதின் கட்கரி 2021இல் ஹாரன்களில் இந்திய இசைக்கருவிகளின் ஒலியை வைக்கச் சட்டம் கொண்டுவர எண்ணியிருப்பதாகக் கூறினார். மேடவாக்கம் சந்திப்பில் நூறு புல்லாங்குழலும் ஐம்பது ஆர்மோனியமும் ஒருசேர முழங்குவதை இசையன்பர்கள் கற்பனை செய்துகொள்க.

சட்டம் இல்லாமல் இல்லை. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்றும், மருத்துவமனை, பள்ளி சூழ்ந்த அமைதி மண்டலத்துக்குப் பகலில் 50, இரவில் 40 என்றும் வரம்பு கட்டியுள்ளன. உலக நலவாழ்வு நிறுவனம் 2018இல் ஐரோப்பாவுக்கு வகுத்த வழிகாட்டுதல், சாலைப் போக்குவரத்து ஓசை இரவில் 45ஐத் தாண்டலாகாது என்கிறது. எண்ணளவில் நம் விதி ஐரோப்பாவுக்கு இளைத்ததன்று. சென்னை உட்பட ஏழு நகரங்களில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2011 முதல் ஓசையை இடைவிடாது அளக்கும் நிலையங்களை நிறுவியது. அளக்கத் தெரிந்தவர்கள்தாம் நாம். மணியின் நாவைத்தான் கட்டக் காணோம்.

கட்டவே தெரியாதா என்றால் அதுவும் இல்லை. மத்தியப் பிரதேசத்தில் பெஞ்ச் புலிகள் காப்பகத்தின் வழியே செல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில், விலங்குகள் கடந்து செல்லப் பாலத்தடி வழிகள் அமைத்து, அவற்றின்மேல் சாலையின் இருபுறமும் ஒலியையும் முகப்பு விளக்கொளியையும் மறிக்கும் தடுப்புச் சுவர்களை எழுப்பியிருக்கிறார்கள். அகநானூற்றுத் தலைவன் கண்டால் தலையசைப்பான். வண்டலூரில் 1985 முதல் இயங்கும் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவும் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டித்தான் இருக்கிறது. அங்குள்ள புலிகளுக்கும் காது உண்டு; சாலையின் மறுபுறம் குடியிருக்கும் மனிதர்களுக்கும் உண்டு.

சாலையிலேயே ஓசையைக் குறைப்பதற்கும் வழி கண்டிருக்கிறார்கள். நெதர்லாந்தில் நெடுஞ்சாலைகளில் நுண்துளைகள் உள்ள தார்ப்பரப்பைப் போடுகிறார்கள்; டயருக்கு அடியில் சிக்கும் காற்று அத்துளைகளில் அடங்கிவிடுவதால் ஓசை குறைகிறது. நம் புழுதியில் அத்துளைகள் எத்தனை மாதம் திறந்திருக்கும் என்பது வேறு கேள்வி. டயருக்கே ஒலி வரம்பு விதிக்கும் விதியை 2022இல் நம் மத்திய அரசும் அறிவித்தது. டயர் வாங்கும்போது விலையையும் தேய்மானத்தையும் கேட்கும் நாம், அது எவ்வளவு இரையும் என்று கேட்பதில்லை. கேட்கவேண்டும். டயர் அடங்கினால் உள்ளேயும் அடங்குகிறது, வெளியேயும் அடங்குகிறது. ஷீட்டுக்குச் செலவிட்ட தொகையில் பெரும்பகுதியை நாம் டயருக்குச் செலவிட்டிருக்கலாம். வேகத்தைப் பத்துக் கிலோமீட்டர் குறைப்பதற்கோ செலவே இல்லை.

ஷீட்டே கூடாது என்று சொல்லவரவில்லை. முன்புறம் எஞ்சின் உள்ள பேருந்துகளில், கொதிக்கும் எஞ்சின் பெட்டியை இடக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எட்டு மணி நேரம் ஓட்டுகிறார்களே, அவர்களுக்கு யாரும் டாம்பிங் செய்து தரவில்லை. பியூட்டைல் ரப்பருக்கு நாட்டில் முதல் உரிமை உடையது அந்தப் பெட்டியின் மூடிதான் என்பது நம் கருத்து. வாரம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிப் பிழைக்கும் வாடகைக் கார் ஓட்டுநர் அடுத்த உரிமையாளர். இரண்டரை மணி நேரம் ஊர்ந்து செல்லும் விரிவுரையாளர் வரிசையில் வெகு பின்னால் வருபவர்.

கச்சேரியை இப்போது பாதி ஒலியில் வைக்கிறோம். ஓட்டுநர் பக்கக் கண்ணாடியை நான்கு விரல் இறக்கி வைக்கிறோம், ஏ.சி. வீணாகிறது என்று வீட்டில் குறை. ஹாரனை இம்மாதத்தில் இருமுறை அடித்தோம், ஒன்று மாட்டுக்கு. தரையிலிருந்த தார் ஷீட்டைச் சுரண்டி எடுத்தாயிற்று. பின் டயர்கள் இரண்டும் மாற்றவேண்டிய நிலையில் உள்ளன. கதவடித் துளைகள் மட்டும் இன்னும் அடைபட்டே இருக்கின்றன. ஐப்பசி மழைக்குள் திறந்தாகவேண்டும். அந்தக் கடை இளைஞர் வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.